புலமைப்பரிசில் பரீட்சையும் பத்து வயதுப் பிள்ளையின் பதற்றமும்

பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. தங்கை வீட்டு விறாந்தையில் அவளுடைய மகள் மாதிரி வினாத்தாள் ஒன்றோடு உட்கார்ந்திருந்தாள். நான்கு உருவங்கள் வரிசையாக இருக்கும். ஐந்தாவதாக எது வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு விடையின் கீழ்க் கோடு போட்டாள், அழித்தாள். இன்னொன்றின் கீழ்ப் போட்டாள், அதையும் அழித்தாள். மூன்றாம் முறை அழிறப்பர் தாளையே கிழித்துவிட்டது. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு தாய் நின்ற குசினிப் பக்கம் பார்த்தாள். பென்சிலை வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "எனக்கு மூளை இல்லை, பெரியம்மா" என்றாள்.

முதல் நாள் கொய்யாப்பழம் தின்றுகொண்டே அதே வகை வினாவை எனக்கு ஒரு நிமிடத்துக்குள் செய்து காட்டியவள் அவள். ஒரே இரவில் அவளுடைய அறிவு எங்கும் போய்விடவில்லை. இடையில் நடந்தது ஒன்றுதான்: அன்று காலை ரியூசன் வகுப்பில் எல்லோருடைய புள்ளிகளும் சத்தமாக வாசிக்கப்பட்டிருந்தன. அந்த மாலைக்குப் பிறகுதான், தெரிந்த கணக்கு ஒரு பிள்ளைக்கு எப்படித் 'தெரியாமல்' போகிறது என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் அந்த ஐந்து வாரங்களில் பார்த்ததையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

இலங்கையின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பிறப்பு நல்ல நோக்கத்தில் நிகழ்ந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931 முதல் 1947 வரை அரசாங்க சபையில் கல்வி அமைச்சராக இருந்தவர். கல்வி பற்றி ஆராய அவர் தலைமை வகித்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதே காலத்தில் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. நகரத்துப் பெரிய பாடசாலைக்கு அனுப்ப வழியில்லாத வீட்டுப் பிள்ளை, இந்தப் பரீட்சையில் தேறினால் விடுதியில் தங்கி மத்திய கல்லூரியில் படிக்கலாம் என்ற நிலை வந்தது. எத்தனையோ குடும்பங்களில் முதல் வைத்தியரும் முதல் பொறியியலாளரும் இந்த வழியாக வந்தவர்கள்தான். நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் இந்தப் பரீட்சையின் பெயரைச் சொல்லும்போது குரலில் வரும் மரியாதை அங்கிருந்து வருகிறது.

இன்று அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகை கொடுப்பது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் தொகை 750 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் எழுதும் பரீட்சையில் ஏறத்தாழ 20,000 பேருக்கே அது கிடைக்கும். இதற்கான வெட்டுப்புள்ளி, அதாவது எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி, மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வேறுபடும். இரண்டாவது, பிரபல பாடசாலைகளுக்குத் தரம் 6இல் பிள்ளைகளைத் தெரிவுசெய்வது. இந்தப் பாடசாலைகளுக்கான வெட்டுப்புள்ளிகள் தனியானவை. பாடசாலைக்குப் பாடசாலை மாறுபவை.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் வீட்டுப் பதற்றத்தில் பாதி பிறக்கிறது. உதவித்தொகைக்கு வருமான எல்லை உண்டு. தாயும் தகப்பனும் நல்ல சம்பளம் எடுக்கும் வீட்டில் பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தாலும் அந்தப் பணம் வரப்போவதில்லை. பிள்ளை இப்போது படிக்கும் பாடசாலையிலேயே உயர்தரம் வரை வகுப்புகள் இருந்து, அது பெற்றோருக்குப் பிடித்த பாடசாலையாகவும் இருந்தால், புள்ளி 90 வந்தாலும் 170 வந்தாலும் அடுத்த ஆண்டு அதே வாசலால்தான் உள்ளே போகப்போகிறாள். பல்கலைக்கழக அனுமதி க.பொ.த. உயர்தரத்தில் பெறும் இசட் புள்ளியைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. பத்து வயதில் எடுத்த புள்ளியை அங்கே எவரும் கேட்பதில்லை.

மலையகத்தில் கதை வேறு. பல தோட்டப் பாடசாலைகளில் ஆரம்ப வகுப்புகள் மட்டுமே உள்ளன. அந்தப் பிள்ளை எப்படியும் வேறு பாடசாலைக்குப் போக வேண்டும். எங்கே போவது என்பதில் இந்தப் புள்ளிக்கு உண்மையான கனம் இருக்கிறது. வன்னியில் ஒரு சிறிய பாடசாலையில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அப்படியே. அவர்களிடம் போய் இது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் அறிந்தவரை, மிக அதிகமாகப் பதறும் வீடுகள் இந்த வீடுகள் அல்ல. ஆகவே தாயும் தகப்பனும், பிள்ளை தூங்கிய பிறகு, ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டும்: இந்தப் பரீட்சையிலிருந்து நமக்கு உண்மையில் என்ன வேண்டும்? உதவித்தொகையா, குறிப்பிட்ட ஒரு பாடசாலையா, ஊரார் பாராட்டா? மூன்றாவதுதான் விடை என்றால் அதையும் ஒளிக்காமல் தங்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கையும் கணவரும் அப்படிப் பேசிய இரவில் நானும் இருந்தேன். மகள் படிக்கும் பாடசாலையை மாற்றும் எண்ணமே தங்களுக்கு இல்லை என்பது அன்றுதான் அவர்களுக்கே தெளிவாகியது.

இனிப் பிள்ளையின் தலைக்குள் நடப்பதைப் பார்ப்போம். பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாம் வினாத்தாளில் 40 வினாக்கள், 60 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். உருவக்கோலம், எண்கோலம், ஒழுங்குமுறை என்று அதில் வருவனவற்றுக்குப் பாடமாக்கிய விடை உதவாது. ஒரு விதியை ஊகித்து, அதை மனதில் பிடித்தபடி அடுத்த உருவத்தில் சரிபார்த்து, பிழைத்தால் விட்டுவிட்டு வேறு விதியைத் தேட வேண்டும். இதற்கெல்லாம் மனதில் இருக்கும் இடத்தை உளவியலாளர்கள் செயல்படு நினைவு என்கிறார்கள். வேலை செய்யும்போது சாமான்களைப் பரப்பிவைக்கும் சிறிய மேசை போன்றது அது. பெரியவர்களுக்கே அந்த மேசை சிறிது, பத்து வயதில் இன்னும் சிறிது. 'அம்மா என்ன சொல்லுவா', 'மற்றப் பிள்ளைகள் முடித்திருப்பார்கள்' என்ற எண்ணங்கள் வந்து அதே மேசையில் ஏறி உட்காருகின்றன. கணக்கை வைக்க இடம் இல்லாமல் போகிறது. விறாந்தையில் தங்கை மகளுக்கு நடந்தது இதுதான். பயத்தைத் தணிப்பது, வீட்டில் செய்யக்கூடிய ஆயத்தங்களில் ஒன்றாகவே கணக்கில் எடுக்கப்பட வேண்டியது.

இதையொட்டிய ஓர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 1998இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்டது. அவர்கள் பரிசோதித்தவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். கொடுத்தவை நம் முதலாம் வினாத்தாளில் வருவதை ஒத்த உருவப் புதிர்கள். முதல் தொகுதியைச் செய்து முடித்ததும் ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்ற பொருளில் பாராட்டினார்கள். இன்னொரு பகுதியினரிடம் "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றார்கள். பிறகு எல்லோருக்கும் மிகக் கடினமான தொகுதி ஒன்று. அதில் எல்லோரும் சறுக்கினார்கள். மூன்றாவதாக, முதலாவதைப் போலவே இலகுவான தொகுதி. கெட்டிக்காரர் என்று புகழப்பட்டவர்கள் இம்முறை முதல் தடவையைவிடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். வேறு பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தங்கள் புள்ளியை எழுதச் சொன்னபோது, முதல் பகுதியினரில் ஐந்தில் இருவரளவில் உண்மையைவிடக் கூட்டி எழுதினார்கள்.

கெட்டிக்காரி என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, செய்ய முடியாத ஒரு கணக்கு வரும்போது அந்தப் பட்டமே ஆட்டம் காண்கிறது. "எனக்கு மூளை இல்லை" என்ற வசனத்தை அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "எங்கள் பிள்ளைக்கு நல்ல மூளை" என்று வருவோர் போவோரிடமெல்லாம் நாங்கள் சொன்னதை அவள் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அதில் எனக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து நான் கேட்பது ஒன்றுதான்: "இதை எப்படிக் கண்டுபிடித்தாய், எனக்கும் காட்டு."

பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. கணிதம் என்றாலே பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவும்போது, பிள்ளை அந்த ஆண்டில் கணிதத்தைக் குறைவாகவே கற்கிறது, பயத்தையும் சேர்த்துப் பெற்றுக்கொள்கிறது என்று 2015இல் அமெரிக்காவில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஆய்வு காட்டியது. அவ்வளவு உதவாத வீடுகளில், பெற்றோருக்குப் பயம் இருந்தும், பிள்ளைக்கு அந்தப் பாதிப்பு இல்லை. கணக்கைக் கண்டாலே முகம் சுருங்குபவர் பக்கத்தில் உட்காராமல் இருப்பதே பெரிய உதவி. அந்த வேலையைச் சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ செய்யட்டும். அம்மா தமிழ் வாசிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடந்தகால வினாத்தாள்களுக்கு வருகிறேன். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே நெடுநாள் நிலைக்கும் என்பது ரோடிகர், கார்ப்பிக்கே ஆகியோர் 2006இல் செய்த சோதனைகளில் தெளிவாகத் தெரிந்தது. அந்த வகையில் வினாத்தாள் செய்வது மிக நல்ல பயிற்சி. ஆனால் நம் வீடுகளில் அது நடக்கும் விதம் வேறு. பிள்ளை ஒரு மணித்தியாலம் எழுதும், பெரியவர் சிவப்புப் பேனையால் திருத்துவார், மேலே 62 என்று போட்டு வட்டமிடுவார், "போன கிழமை 68 எடுத்தாய்" என்பார். அடுத்த வினாத்தாள் எடுக்கப்படும். பிள்ளைக்கு அதிலிருந்து கிடைத்தது ஓர் இலக்கம் மட்டுமே. 62 எடுத்ததற்கான காரணங்கள் அந்தத் தாளுக்குள்ளேயே கிடக்க, கட்டி மேலே தூக்கி வைத்துவிடுகிறோம்.

நாங்கள் முறையை மாற்றினோம். ஒரு வினாத்தாளை நான்கு நாட்களுக்குப் பிரித்தோம். நாளுக்குப் பத்து வினா. புள்ளி போடவில்லை. பிழைத்தவற்றை மட்டும் எடுத்து, ஏன் பிழைத்தது என்று அவளே ஒரு சின்னக் கொப்பியில் எழுத வேண்டும். இரண்டு கிழமையில் அந்தக் கொப்பி சொன்ன கதை எங்களுக்கு வியப்பாக இருந்தது. தெரியாமல் பிழைத்தவை சொற்பம். 'அல்லாதது எது' என்ற வினாவில் 'அல்லாதது' என்ற சொல்லைத் தாண்டிப் போனதால் பிழைத்தவை அதிகம். மணிக்கூடு ஒன்று வரையப்பட்ட கணக்குகளில் சின்னக் கம்பியையும் பெரிய கம்பியையும் மாற்றிப் பார்த்தது நான்கு தடவை. இவற்றுக்குப் புதிய ரியூசன் வகுப்பு எதுவும் தேவைப்படவில்லை. வினாவில் வரும் 'அல்லாத', 'தவறான', 'பொருந்தாத' போன்ற சொற்களைச் சுற்றி வட்டமிடும் பழக்கம் ஒன்றே பாதியைத் தீர்த்தது. தன் பிழைகள் எண்ணக்கூடியவை, பெயர் சொல்லக்கூடியவை என்று கண்டதும் அவளுடைய முகமே மாறியது.

மணிக்கூட்டைப் பிறகுதான் கொண்டுவந்தோம். முதலில் நேரக் கட்டுப்பாடே இல்லாமல். பிறகு பத்து வினாவுக்கு இருபது நிமிடம். கடைசி இரண்டு கிழமையில்தான் பதினைந்து நிமிடம். ஒரு வினாவில் சிக்கினால் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவதையும் தனியாகப் பழக்க வேண்டியிருந்தது. கடினமாகப் பிடித்துக்கொள்ளும் குணமுள்ள பிள்ளைகளுக்கு, விட்டுவிட்டுப் போவது தோல்வி போலத் தோன்றும். திரும்பி வரலாம் என்பதை அவர்கள் செய்து பார்த்தால்தான் நம்புவார்கள்.

அண்மைய ஆண்டுகளில் பரீட்சையன்று இரண்டாம் வினாத்தாள்தான் முதலில் வருகிறது: காலை 9.30 முதல் 10.45 வரை. அரை மணித்தியால இடைவேளைக்குப் பின் 11.15 முதல் 12.15 வரை முதலாம் வினாத்தாள். கூர்ந்து யோசிக்க வேண்டிய வினாக்கள், பிள்ளை ஏற்கெனவே ஒன்றேகால் மணித்தியாலம் எழுதிக் களைத்த பிறகு, உச்சி வெயில் ஏறும் நேரத்தில் வருகின்றன. வீட்டில் முதலாம் வினாத்தாளைக் காலையில் தெளிவான தலையோடு மட்டும் பழக்கியிருந்தால் அன்று திகைப்பு வரும். அந்த ஆண்டுக்கான நேர அட்டவணையை அனுமதி அட்டையில் பார்த்து, அதே ஒழுங்கில், அதே நேரத்தில், இரண்டு மூன்று சனிக்கிழமைகள் செய்து பார்த்தால் போதும்.

பரீட்சை மண்டபம் பெரும்பாலும் வேறு பாடசாலையாக இருக்கும். தெரியாத கட்டடம், தெரியாத ஆசிரியர், பக்கத்துக் கதிரையில் தெரியாத பிள்ளை. நாங்கள் முந்தின கிழமை ஒரு மாலை சைக்கிளில் அந்தப் பாடசாலைக்குப் போய், வாசலையும் மாமரத்தையும் பார்த்துவிட்டு, வரும் வழியில் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வந்தோம். "சேர், வெளியே போக வேண்டும்" என்று கையை உயர்த்திக் கேட்பதை வீட்டில் நடித்துப் பார்த்தோம். பெரியவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும். ஒரு பிள்ளை சிறுநீரை அடக்கிக்கொண்டு நாற்பது வினாவுக்கு விடை எழுதுவதை நினைத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது.

தூக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. காலை ஐந்தரைக்கு எழுப்பி ரியூசனுக்கு அனுப்பி, இரவு பத்துக்குப் படுக்க விடும் வீட்டில் பிள்ளைக்குக் கிடைப்பது ஏழரை. பகலில் படித்ததை மூளை ஒழுங்குபடுத்தி வைப்பது தூக்கத்தில்தான். குறைந்த அந்த ஒன்றரை மணித்தியாலத்தை எந்தக் கருத்தரங்காலும் ஈடுசெய்ய முடியாது. ஒரு வகுப்பை நிறுத்த வேண்டுமென்றால் அதிகாலை வகுப்பை நிறுத்துங்கள்.

பரீட்சைக்குச் சில நாட்கள் முன்பிருந்து மேலதிக வகுப்புகள், கருத்தரங்குகள், மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு ஆண்டும் தடைசெய்கிறது. மறைவாக எங்காவது வகுப்பு நடக்கிறதா என்று விசாரித்துத் திரியும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அந்த நாட்கள் பிள்ளைக்கு உரியவை. பென்சில் சீவுதல், சுட்டெண்ணைப் பிழையில்லாமல் எழுதிப் பழகுதல், பிழைக் கொப்பியை ஒரு முறை புரட்டுதல். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பரீட்சை நாள் காலையில் புதிய சாப்பாடு எதையும் பரிசோதிக்காமல் வழக்கமான புட்டோ பாணோ கொடுங்கள். இடைவேளைக்குத் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும். முடிந்த வினாத்தாளைப் பற்றி எவரோடும் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால், "அதற்கு நீ என்ன போட்டாய்?" என்ற கேள்வியிலிருந்து அவள் தப்புவாள்.

காலையில் தவறாமல் வயிற்று வலி, இரவில் படுக்கையில் சிறுநீர் போதல், நகத்தைச் சதைவரை கடித்தல், பாடசாலைக்குப் போகவே மறுத்தல் ஆகியவை கிழமைக் கணக்கில் தொடர்ந்தால், அது பரீட்சைப் பயத்தைத் தாண்டிய நிலை. வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். அந்த ஆண்டு பரீட்சை எழுதாமல் விட்டாலும் பிள்ளைக்குக் கல்வி இருக்கிறது. புள்ளி குறைந்ததற்காக அடிப்பதை எந்த நியாயமும் தாங்காது.

பெறுபேறு வரும் நாளுக்கும் ஆயத்தம் வேண்டும். 2024 செப்டம்பர் 15 அன்று நடந்த பரீட்சையில் சில வினாக்கள் முன்பே வெளியானதாக எழுந்த பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வந்தது. பெரியவர்கள் செய்த தவறுக்காகப் பத்து வயதுப் பிள்ளைகள் நான்கு மாதம் காத்திருந்தார்கள். அப்படி எதுவும் நடக்காத ஆண்டிலும், வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி கீழே நிற்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பாடசாலை வாசலில் தொங்கும் பாராட்டுப் பதாகையைக் கடந்துதான் அவர்கள் மறுநாள் வகுப்புக்குப் போக வேண்டும். பதாகை கட்டும் அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும் அந்தப் பிள்ளைகளை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் கயிற்றைக் கட்டும் கை தயங்கும் என்றே நம்புகிறேன்.

தங்கை ஒரு காரியம் செய்தாள். பெறுபேறு வந்த அன்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இணையத்தளத்தில் சுட்டெண்ணைப் போட்டாள். இலக்கம் தெரிந்ததும், பிழைக் கொப்பியை எடுத்து, பரீட்சை வரை நாள் தவறாமல் எழுதியிருப்பதை மகளுக்கே காட்டினாள். பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. கொழும்பிலிருந்து, லண்டனிலிருந்து, ரொறன்ரோவில் இருக்கும் மாமியிடமிருந்து. எல்லோருக்கும் ஒரே கேள்வி, எத்தனை புள்ளி. மகள் கேட்கும் தூரத்தில் நின்றபடி தங்கை எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: "பிள்ளை நன்றாகப் படித்து எழுதினாள், மாமி. அதே பாடசாலையில்தான் படிக்கப் போகிறாள். அங்கே குளிர் எப்படி, வேறு என்ன புதினம்?"